வாக்குத்தத்த அட்டையில் இல்லாத எழுபது வருஷம்

டிசம்பர் 31 இரவு வேலூரில் ஒரு கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான்.) பன்னிரண்டு மணி அடித்து, பாட்டு முடிந்து, கைகுலுக்கல் ஓய்ந்ததும் ஒரு தட்டு வரும். அதில் குப்புறக் கவிழ்த்த சின்னச் சின்ன அட்டைகள். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். வாக்குத்தத்த அட்டை என்று பெயர். நீர்வீழ்ச்சிப் படமோ ரோஜாப்பூவோ போட்டு, அதன்மேல் ஒரு வசனம் அச்சடித்திருக்கும். அந்த வருஷம் முழுக்க அது நமக்கென்று வந்த வார்த்தை. பீரோக் கண்ணாடியில் செருகுவார்கள், பர்ஸில் வைப்பார்கள், ஆஸ்பத்திரியில் தலையணைக்கு அடியில் வைப்பவர்களும் உண்டு.

வருஷம் தவறாமல் யாருக்காவது வந்தே தீரும் வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கையில் வாங்கியதும் நெஞ்சு நிறைகிற வசனம்தான். ஆனால் இதற்கு முந்தின வசனம் எந்த அட்டையிலும் வருவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறது அது.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் தச்சர் கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. எழுபது வருஷம் என்றால், அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பப் போவதில்லை. அப்படியானால் அவர்களுக்கு இது என்ன வாக்குத்தத்தம்?

இதற்கு முந்தின அதிகாரத்தில் இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார், அனனியா. அவர் சொல்வது இரண்டே வருஷம். இரண்டு வருஷத்தில் ராஜா திரும்பிவிடுவார், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் எல்லாம் வந்துவிடும். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். கூட்டம் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் நான் பலமுறை திரும்பப் படித்தது எரேமியாவின் முதல் பதிலை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் ஆசைதான், இரண்டே வருஷத்தில் முடிந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் ஆசையை வாக்குத்தத்தமாக விற்க அவரால் முடியவில்லை.

நம்பிக்கை, இரட்சிப்பு, பாடு என்று கிறிஸ்தவ இறையியல் பேசுகிறபோதெல்லாம் அனனியாவுக்கும் எரேமியாவுக்கும் நடந்த இந்த வழக்கே வேறு வேறு பெயர்களில் திரும்ப வருகிறது என்பது என் எண்ணம். காட்பாடி ஸ்டேஷனில் நாள்தோறும் ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது வெறும் புத்தக வழக்கு இல்லை.

முதலில் இந்த 'நம்பிக்கை' என்கிற சொல். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் போன்ற புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும்" என்று முடியும். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே இடம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அதாவது ஒரு வீட்டில் நம்பிக்கை இரண்டாவது, அடுத்த வீட்டில் அதுவே முதலாவது. இரண்டு சபைக்கும் சம்பந்தம் நடந்தால் கல்யாணத்தில் இதே பகுதியைத்தான் வாசிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றை நினைத்துக்கொள்ள, பெண் வீட்டார் இன்னொன்றை நினைத்துக்கொள்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2025-ஐ யூபிலி ஆண்டாகக் கொண்டாடி 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று தலைப்பு வைத்தபோது, எங்கள் சபையில் சிலர் இது என்ன புதுச்சொல் என்று கேட்டார்கள். எனக்கென்னவோ அது நல்ல சொல்லாகப் படுகிறது. எதிரே வருவதை நோக்கி நிற்பது என்பதில் காத்திருப்பும் இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை என்பதும் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாவதாக ஓர் அர்த்தம் புழங்குகிறது. "டாக்டர் நம்பிக்கை கொடுத்திருக்காரு", "நம்பிக்கை இல்லைன்னுட்டாங்க." இங்கே நம்பிக்கை என்றால் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அந்த அர்த்தம் கிடையாது. "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்கிறார் (8:24). ரிப்போர்ட்டில் தெரிகிற நல்ல சேதியை ஏற்றுக்கொள்ள யாருக்கும் பக்தி வேண்டாம். ரிப்போர்ட் கைவிட்ட பிறகும் மிஞ்சுவதைப் பற்றித்தான் பவுல் பேசுகிறார். எரேமியா வசனத்தில் இருக்கும் எபிரெயச் சொல் திக்வா. யோசுவா புத்தகத்தில் எரிகோ பட்டணத்து ராகாப், தன் குடும்பம் தப்புவதற்காக ஜன்னலில் கட்டிவைத்த சிவப்புக் கயிற்றுக்கும் அதே சொல்தான் வருகிறது. அந்தக் கயிற்றைக் கட்டினதால் எரிகோவுக்கு வந்த முற்றுகை நின்றுவிடவில்லை.

அடுத்தது இரட்சிப்பு. தெருமுனையில் துண்டுப்பிரதி கொடுத்து "நீங்க ரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்பவருக்கு அது ஆத்துமா பரலோகம் போகும் விஷயம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் அவ்வளவு ஒடுங்கினது அல்ல. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு ஓயாத) ஸ்திரீயிடம் இயேசு சொல்வதும் (மாற்கு 5:34), பாவியான ஸ்திரீயிடம் சொல்வதும் (லூக்கா 7:50) கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றே வைக்கிறது. திருவிவிலியம் முதல் இடத்தில் 'குணமாக்கிற்று' என்றும் இரண்டாவது இடத்தில் 'மீட்டது' என்றும் பிரிக்கிறது. புரிவதற்குத் திருவிவிலியம் எளிது. ஆனால் உடம்புக்கு ஒன்று, ஆத்துமாவுக்கு ஒன்று என்று பிரிக்காத அந்தப் பழைய வினைச்சொல்லின் அகலம் அதில் போய்விடுகிறது.

வட ஆற்காட்டில் இந்த அகலம் ஒரு சரித்திரமாகவே நடந்தது. அமெரிக்காவின் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். 1866-இல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி வந்தது. 1876-78 பஞ்சத்தில் இந்த மாவட்டம் கடுமையாக அடிபட்டது. அதையொட்டி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் பலர் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக் கிறிஸ்தவர்கள் என்று கேலி வந்தது, இன்றும் அந்தக் கேலி ஓயவில்லை. இதற்கு வெட்கப்பட வேண்டியது யார் என்று தெரியவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் பாவமன்னிப்புக்கு முன்னால் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றுதான் வருகிறது. பசித்தவன் சோறு கேட்டது தவறென்றால், அந்த ஜெபத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் ஆரம்பித்ததுதான் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அதன் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45-இலிருந்து எடுத்தது: ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்ய. ஊர் முழுக்க அறிந்த வாக்கியம். ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை. "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்று தொடர்கிறது. வாசகத்தில் சேராத அந்தப் பின்பாதியை வைத்துத்தான் இறையியலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

மீட்கும்பொருள் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. அடகு வைத்த நகையை மீட்கக் கொண்டுபோகிற பணம். வைத்தியத்துக்காக வளையலை அடகு வைத்துவிட்டு வந்தவர்களுக்கு 'மீட்பு' என்ற சொல் இன்னும் நன்றாகக் கேட்கும்: பொருள் ஏற்கெனவே நம்முடையது, திரும்பி வரவேண்டும். சரி, சிலுவையில் கொடுத்த அந்த விலையை வாங்கிக்கொண்டது யார்? பிசாசு என்றார்கள் ஒரிகன் போன்ற ஆதித் தந்தையர். திருடனுக்குப் போய்க் கடவுள் பணம் கட்டுவாரா என்று நாசியான்சு கிரகோரியார் நான்காம் நூற்றாண்டிலேயே கேட்டார். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம், மனிதன் கடவுளுக்குப் பட்ட கடன், அதை அடைக்க மனிதனாலும் ஆகாது, அடைக்க வேண்டியவனும் மனிதன்தான், ஆகவே கடவுளே மனிதனாக வந்தார் என்று கணக்குப் போட்டார். அவருக்குப் பின்வந்த அபெலார், கடனும் இல்லை, வட்டியும் இல்லை, அன்பைப் பார்த்து மனம் திரும்புவதுதான் என்றார். எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் இன்றும் ஆன்செல்ம்தான் ஜெயிக்கிறார். கந்துவட்டி தெரிந்த மாவட்டத்தில் "உன் கடன் அடைந்தது" என்ற வார்த்தைக்கு இருக்கும் பலமே வேறு.

துன்பத்துக்கு வருவோம். இதில்தான் பக்தியுள்ளவர்கள் அதிகம் உளறுகிறார்கள், நானும் உளறியிருக்கிறேன். "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்கிறார்கள் (யோவான் 9). இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததற்கும் அதே பதில்: அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை (லூக்கா 13). இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இரண்டாயிரம் வருஷமாக அந்தக் கேள்வி ஓயவில்லை. என் பெரியம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர், வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் தடைபடுகிறது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். அன்றைக்கு ராத்திரி முழுக்க பெரியம்மா சந்தேகப்பட்டது தன்னையேதான்.

இந்த இடத்தில் பால் பிராண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்து, 1946-இல் வேலூர் வந்த அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றே அப்போது எல்லோரும் நம்பினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பினானாம். பார்த்தால் அவன் விரலில் சதை எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் தூங்குகிறவர்களின் விரல்களை எலி கடித்துத் தின்றதையும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதே கையைத் தின்கிறது என்பது இப்படித்தான் வெளிச்சமானது. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-இல் எழுந்த தொழுநோய் நிலையம் இந்த வேலையைத் தொடர்ந்தது.

வலி ஒரு கொடை என்று பிராண்ட் பிற்காலத்தில் சொல்லியும் எழுதியும் வந்தார். மருத்துவமாக அது அசைக்க முடியாத உண்மை. அதை அப்படியே இறையியலாக்கி, எல்லாத் துன்பமும் கடவுள் அனுப்பிய எச்சரிக்கை மணி என்று பிரசங்கிக்கிறவர்கள்தான் சறுக்குகிறார்கள். அடுப்பில் கை பட்டால் வலி கையை இழுக்கச் சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் ரத்தப்புற்று எதிலிருந்து எதை இழுக்கச் சொல்கிறது? பிராண்டிடம் எனக்குப் பிடித்தது வேறு. தொழுநோயைச் சாபம் என்ற ஊரில், அவர் அந்தக் கைகளைத் தொட்டுப் பிடித்துப் பார்த்தார். காரணம் சாபமும் இல்லை, அழுகலும் இல்லை என்று நிரூபித்தார். யோவான் 9-க்கு வேலூரில் எழுதப்பட்ட விளக்கவுரையாகவே அதை வாசிக்கலாம்.

ஐடா ஸ்கடர் கதையிலும் இதே சறுக்கல் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னோர் இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரான ஐடாவின் அப்பாவை உள்ளே விட மறுத்தார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதிலிருந்துதான் அவர் மருத்துவராக முடிவெடுத்தார். ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லி முடிக்கும்போது "பாருங்கள், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் 8:28-ஐச் சேர்த்துவிடுவார்கள். அந்த மூன்று பெண்களுக்கு எந்த நன்மைக்கு ஏதுவானது? ஒரு பெண்ணை அழைக்க மூன்று பெண்களைக் கொன்ற கடவுளை நான் கும்பிட மாட்டேன். வசனமும் அப்படிச் சொல்லவில்லை. நடந்த தீமையிலிருந்தும் நன்மையை எடுக்க அவரால் முடியும் என்பது ஒன்று, நன்மைக்காகத் தீமையை அவரே நடத்தினார் என்பது வேறு. பிரசங்க மேடையில் இந்த இரண்டும் சுலபமாகக் கலந்துவிடுகின்றன.

ஆம்பூரில் என் அத்தை வீட்டார் லுத்தரன்கள். அவர்களுடைய லுத்தர் 1518-இல் ஹைடல்பெர்க்கில் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். மகிமையின் இறையியலாளன் தீமையை நன்மை என்பான். சிலுவையின் இறையியலாளன் இருக்கிறதை இருக்கிறபடி சொல்வான். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பிரசங்கிக்கிறபோது நான் அதைத்தான் கவனிப்பேன். நாலாவது வார்த்தை, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." மின்விசிறிச் சத்தமும் வியர்வையுமாக இருக்கிற அந்த மத்தியானத்தில் யாருக்கு அந்த வார்த்தை விழுந்ததோ அவர் பாவம். பெரும்பாலும், அப்பா உண்மையில் கைவிடவில்லை என்று சமாளித்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவார். வேதாகமத்துக்கு அந்த அவசரம் இல்லை. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒட்டுப்போட்ட ஆறுதல் வரி ஒன்றுகூடக் கிடையாது. அப்படியும் அது ஆலயப் பாட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் இறையியலுக்கு வந்தது அந்த இருளின் வழியாகத்தான். 1943-இல் ஹாம்பர்க் மேல் குண்டு பொழிந்தபோது பதினேழு வயது. பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான். பிறகு போர்க்கைதி முகாமில் புலம்பல் சங்கீதங்களையும் மாற்கு சுவிசேஷத்தையும் படித்தார். 1964-இல் நம்பிக்கையை இறையியலின் நடுவில் வைத்து எழுதினார், 1972-இல் சிலுவையில் கடவுளே துன்பப்பட்டார் என்று எழுதினார். நம்பிக்கையுள்ளவன் இருக்கிற நிலைமையோடு சமாதானமாகிவிட மாட்டான் என்பது அவர் வாதம். கடவுளே துன்பப்பட்டார் என்பதைக் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் ஏற்கவில்லை: கடவுளும் என்னைப் போலவே மாட்டிக்கொண்டிருந்தால் எனக்கு அதில் என்ன விடுதலை? நம் ஊர்க் கணக்கில் சொன்னால், டாக்டரும் பக்கத்துக் கட்டிலில் படுத்துவிட்டால் ஊசி போடுவது யார்? நியாயமான கேள்விதான். அதற்கு நான் கண்ட பதில் யோவான் 20-இல் இருக்கிறது. உயிர்த்தெழுந்து வந்தவர் தோமாவுக்குக் காயத்தைக் காட்டுகிறார். மரணத்தை ஜெயித்த உடம்பில் தழும்பு எஞ்சியிருக்கிறது. அழிக்கத் தெரியாமல் அல்ல.

தமிழில் 'பாடு' என்ற சொல்லுக்கு உழைப்பு, துன்பம் இரண்டுமே அர்த்தம். பாடுபட்டுச் சம்பாதித்தான் என்கிறோம், கிறிஸ்துவின் பாடுகள் என்கிறோம். ஒடுக்கப்பட்ட மக்களின் இறையியல் இந்த இரட்டை அர்த்தத்திலிருந்து கிளம்பியதுபோல எனக்குத் தோன்றும். 1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் பேசிய பேச்சே தலித் இறையியலின் தொடக்கம் என்பார்கள். வலியை அனுபவித்தவனின் அறிவு முதலில், கோட்பாடு அப்புறம் என்றார் அவர். அதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு பிறக்கிறது. "எனக்கு சுகர், அதுதான் என் சிலுவை" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இயேசுவின் சிலுவை நோய் அல்ல. ரோம அரசு, பிலாத்து என்ற ஆளுநரின் கையால், கொடுத்த தண்டனை. மனிதன் மனிதனுக்குச் செய்த துன்பத்தைச் சுமக்கச் சொல்வது பக்தி ஆகாது. அடிக்கிற புருஷனோடு வாழும் பெண்ணிடம் சிலுவையைச் சும என்று புத்தி சொல்கிறவர், அறியாமலே பிலாத்துவின் வேலையைச் செய்கிறார். தலித் மக்கள் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதி உரிமை போய்விடுகிறது. கல்லறையில்கூடச் சாதி பார்த்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. இரட்சிப்பு என்று நாம் பிரசங்கிப்பது இங்கே என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டால், பரலோகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. பாலாற்றுப் படுகையும் இதே கேள்வியைக் கேட்கிறது. சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார் பவுல். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட மண்ணையும் தண்ணீரையும் பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை ரோமர் 8-ஓடு சேர்த்து யாராவது பிரசங்கித்தால் கேட்க ஆசை.

சுகத்துக்காக ஜெபிப்பதே தவறா என்றால், இல்லை. எரேமியாவும் முதலில் ஆமென் சொன்னாரே. பவுலும் மாம்சத்திலுள்ள முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவர் மறுபடி நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அதற்கென்று ஒரு துறையையே வேலூரில் நடத்தினார். அனனியாவின் கணக்கில் அவர் ஜெபம் கேட்கப்படாதவர்.

எழுபது வருஷத்தை அறிவித்த அதே கடிதத்தில், 5-ஆம் வசனத்தில், எரேமியா அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். இதுவும் எந்த அட்டையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் இருக்கும் லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். பத்து நாள் என்று வங்காளத்திலிருந்து வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். போன கோடையில் ஒரு நண்பரைப் பார்க்க அப்படி ஒரு லாட்ஜுக்குப் போயிருந்தேன். இரண்டாம் மாடி வராந்தாவில், பாதியாக வெட்டிய தண்ணீர் கேனில் மண் நிரப்பி, ஒரு அம்மா மிளகாய்ச் செடி வைத்திருந்தார். இரண்டு பூ விட்டிருந்தது. தண்ணீர் கீழே சன்ஷேடில் சொட்டுகிறது என்று மேனேஜர் படியேறி வந்து சத்தம் போட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. கேனை இரண்டடி உள்ளே இழுத்து வைத்துவிட்டு, முந்தானையால் தரையைத் துடைத்தார்.